அரசு தரும் பூச்சி மாத்திரை: பண்ருட்டி முந்திரித்தோப்பிலிருந்து ஒரு மதிப்புரை

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே, அந்தக் குடற்புழு நீக்க மாத்திரைத் திட்டத்துக்குத்தான் இந்த மதிப்புரை. பூச்சி மாத்திரை என்றால்தான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நான் பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். பேரன் அங்கன்வாடிக்குப் போகிறான். சின்ன மகளுக்கு இருபத்தாறு வயது. தோப்பு வேலைக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். இந்த மூன்று தரப்பு வயதுக்காரர்களுக்கும் இந்தத் திட்டம் என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு இது அருமையான சேவை. இளம்பெண்களுக்கு அரைகுறை. மண்ணிலேயே நின்று பிழைக்கும் பெரியவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் குடலில் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கிற கொக்கிப்புழு அதிகம் பிடிப்பது அவர்களைத்தான்.

முதலில் பிள்ளைகள் விஷயம். இந்தத் திட்டம் 2015-இல் தொடங்கியது. 1 வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அதில் பாதி. போன பிப்ரவரியில் பேரனோடு நானும் அங்கன்வாடியில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் எவர்சில்வர் தட்டில் மாத்திரையை வைத்துக் கரண்டியின் முதுகால் நசுக்கி, ஆறின வெந்நீர் விட்டுக் குழைத்துச் சின்னதுகளுக்கு ஊட்டினார். வளர்ந்த பிள்ளைகள் மென்று தின்ன வேண்டும். மாத்திரை லேசாக இனிக்கும், அதனால் யாரும் முரண்டு பிடிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஒரு பெண், "வீட்ல போய்க் குடுத்துக்கறேன் டீச்சர்" என்றது. "இல்லம்மா, இங்கயே என் கண்ணு முன்னால மென்னு முழுங்கணும். வீட்டுக்குக் குடுத்தனுப்புனா அது மாடத்துலயேதான் கெடக்கும்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. இந்தத் திட்டத்தின் பலமே அந்தக் கண்டிப்பில்தான் இருக்கிறது. காய்ச்சலோடு வந்த ஒரு பையனுக்குக் கொடுக்காமல், 17-ஆம் தேதி விடுபட்டவர்களுக்குக் கொடுக்கும்போது வரச் சொன்னார். இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிசைந்தது. வயிற்றில் புழு நிறைய இருந்தால் அது சாகும்போது அப்படி ஆகும் என்று சொல்லி, நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள்.

மாத்திரை செய்கிற வேலை இதுதான். புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் போகும், பட்டினியில் சாகும், மலத்தோடு வெளியே வந்துவிடும். உருண்டைப்புழுவுக்கு இந்த ஒரே மாத்திரை நன்றாகக் கேட்கும். கொக்கிப்புழுவுக்கும் பெரும்பாலும் கேட்கும். சாட்டைப்புழு என்று ஒன்று இருக்கிறது, அது ஒரு மாத்திரைக்கு அவ்வளவு லேசில் அசையாது. ராத்திரியில் ஆசனவாயை அரிக்கவைக்கும் கீரிப்பூச்சிக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவையும், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்தும் கொடுக்க வேண்டும். அதன் முட்டை நகத்திலும் பாயிலும் போர்வையிலும் ஒட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். அமீபா, ஜியார்டியா இரண்டும் புழுவே கிடையாது. அவை வேறு ரகக் கிருமி, அவற்றுக்கு மருந்தும் வேறு. "பூச்சி மாத்திரை குடுத்தாச்சு, இன்னும் சீதபேதி நிக்கலையே" என்று வருகிற அம்மாக்களுக்கு இதை யாராவது அங்கேயே எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிய நோட்டீஸில் அது இல்லை.

அதேபோல், இனிப்பு தின்றால் பூச்சி வைக்கும் என்று எங்கள் ஆயா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெல்லத்திலிருந்து எந்தப் பூச்சியும் வராது. எங்கள் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது பிள்ளைகள் செடியோடு உதறி, தோலைப் பல்லால் கடித்து உரித்து, பச்சையாகத் தின்னும். தோலில் ஈர மண் அப்படியே அப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கழனியில் யாராவது வெளிக்குப் போயிருந்தால் அந்த மண்ணில் உருண்டைப்புழு முட்டை இருக்கும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை போடும். அந்த முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து பக்குவமான பிறகுதான் தொற்றும். ஆனால் பக்குவமாகிவிட்டால் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஆகவே சோப்பு போட்டுக் கை கழுவுவது, நகத்தை ஒட்ட வெட்டுவது, மல்லாட்டையைக் கழுவித் தின்பது, இந்த மூன்றையும் மாத்திரையோடு சேர்த்தே சொல்லித்தர வேண்டும். எங்கள் டீச்சர் சொல்கிறார். அங்கன்வாடிக் குழாயில் சோப்பும் வைத்திருக்கிறார். அதற்காகவே அவருக்கு என் பாராட்டு.

இளம்பெண்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரை உள்ள பெண்களுக்கும், கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கிற தாய்மார்களையும் தவிர்த்து, இதே நாளில் மாத்திரை உண்டு. இது நல்ல ஏற்பாடு. ஆனால் பலருக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிற பெண்ணிடம் யார் வந்து சொல்வார்கள்? என் மகளுக்கு நானே நர்சம்மாவிடம் கேட்டுத்தான் வாங்கினேன். "கேட்டா குடுப்போம்மா, யாரும் கேக்க மாட்டேங்கறாங்க" என்றார் அவர். கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் இந்த மாத்திரை கூடாது. அதற்குப் பிறகு செக்கப்பில் டாக்டர் பார்த்துக் கொடுப்பார். அதை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

இனிதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

எங்கள் தோப்பில் பல வருஷமாக வேலை செய்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். நாற்பத்தெட்டு வயது. போன மழைக்காலத்தில் ஒரு பாத்தியை மண்வெட்டியால் கொத்துவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார். "என்னக்கா இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டேன். "வயசாகுதில்ல, அவ்ளோதான்மா" என்றார். மடியில் ஒரு முடிச்சு வைத்திருந்தார். அதில் பச்சரிசி. பேசிக்கொண்டே எடுத்து எடுத்து மென்றார். உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன், ரேகை எல்லாம் வெளுத்துக் கிடந்தது. ரத்தம் இல்லாதவர்களுக்கு இப்படி அரிசி, சாம்பல், மண் என்று எதையாவது மெல்லத் தோன்றும்.

டவுனில் ஒரு கிளினிக்கில் மாதக்கணக்காக அவருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இடையில் ஊசி வேறு. கூலிப் பணம் போனதுதான் மிச்சம். ஒரு தடவைகூட மலப் பரிசோதனை எழுதவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற மாட்டேன் என்கிறது. முந்திரிக்காட்டில் வேலை செய்கிற, ரத்தமில்லாத ஒரு பெண் வந்து நின்றால் முதலில் மனதில் வர வேண்டியது கொக்கிப்புழு அல்லவா?

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டது. "எங்கம்மா வேலை செய்றீங்க? கால்ல செருப்பு போடுவீங்களா? வெளிக்கு எங்க போவீங்க?" மூன்றுக்கும் பதில் ஒன்றுதான், முந்திரிக்காடு. ஹீமோகுளோபின் 6.8 இருந்தது. மலத்தைப் பார்த்ததில் கொக்கிப்புழு முட்டை.

அந்த லேப்காரர் நல்ல மனிதர். நான் கேட்டதும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க விட்டார். முட்டை வடிவத்தில் கண்ணாடி போல மெல்லிய ஓடு, அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிய உருண்டைகள், ஓட்டுக்கும் உருண்டைகளுக்கும் நடுவே வெறும் இடம். அந்த முட்டை ஈரமான நிழல் மண்ணில் விழுந்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் அந்தப் புழுக்குஞ்சு காலில் ஏறத் தயாராகிவிடும். வாய் வழியாக வர வேண்டும் என்பதில்லை. வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, நாம் விழுங்க, சிறுகுடலுக்குப் போய்க் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். கால் விரல் இடுக்கில் மழைக்காலத்தில் வருகிற அரிப்பைச் சேற்றுப்புண் என்று மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அதில் சிலது இந்தப் புழு நுழைந்த இடம்.

கணக்கைப் பாருங்கள். புழுவின் ரகத்தைப் பொறுத்து ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 மில்லிலிட்டரிலிருந்து 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தத்தைப் போக்கும். வயிற்றில் நூறு புழு இருந்தால் நாளொன்றுக்கு 3 முதல் 20 மில்லிலிட்டர் வரை. கூலி வேலை செய்து, ரசமும் சோறும் சாப்பிடுகிற உடம்பு எவ்வளவு இரும்பு மாத்திரை விழுங்கினாலும் அதற்கு ஈடு கொடுக்க முடியுமா? அக்காவுக்கு அல்பெண்டசோல் கொடுத்து, அதற்கு மேல் இரும்பு மாத்திரையைத் தொடர்ந்த பிறகுதான் ரத்தம் ஏறியது. இப்போது பத்துக்கு மேல் இருக்கிறது. பச்சரிசி மெல்லுவது தானாக நின்றுவிட்டது.

உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பிள்ளைகளிடம்தான் அதிகம். கொக்கிப்புழு அப்படி இல்லை. வயது ஏற ஏற அதுவும் ஏறும், பெரியவர்களிடம் அப்படியே நிலைக்கும். உலகம் முழுக்க மண் வழியாகப் பரவும் இந்தப் புழுக்கள் சுமார் 150 கோடிப் பேர் வயிற்றில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏழை நாடுகளில், வெயிலும் மழையும் ஈரமும் உள்ள பகுதிகளில்தான் அதிகம். ஆனால் நம் திட்டம் பத்தொன்பது வயதோடு நின்றுவிடுகிறது, பெண்களுக்கு முப்பதோடு. நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு மாத்திரை வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அவர் போக மாட்டார். ஊரில் வயிற்றில் புழுவோடு பெரியவர்கள் தோப்பில் வெளிக்குப் போய்க்கொண்டே இருந்தால், பிப்ரவரியில் சுத்தமான பிள்ளைக்கு மழைக்காலத்தில் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு வீடு வீடாகக் கொடுப்பது முடியாத காரியமும் இல்லை. யானைக்கால் நோய் ஒழிப்புக்காக டி.இ.சி. மாத்திரையோடு இதே அல்பெண்டசோலைச் சேர்த்து, இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரொம்ப உடம்பு முடியாதவர்கள் தவிர எல்லோருக்கும் கொடுத்தது இதே அரசாங்கம்தான். வேலூர் சி.எம்.சி.யில் திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதையும் ஊர் மொத்தத்துக்கும் கொடுப்பதையும் ஒப்பிட்டு ஆய்வே செய்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. ஆக, இந்தக் கேள்வி என் ஒருத்தியின் மனதில் மட்டும் எழுந்தது இல்லை.

மலப் பரிசோதனைக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பா காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது, எடுத்த கையோடு கொண்டு போக வேண்டும். ராத்திரி எடுத்து வைத்து மறுநாள் கொடுத்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும், பார்ப்பவருக்குக் குழப்பம். ஒரு தடவை இல்லை என்று வந்தால் அதோடு விடக் கூடாது. முட்டை எல்லா நாளும் ஒரே மாதிரி வெளியே வராது. வேறு வேறு நாளில் மூன்று தடவை பார்த்தால்தான் நம்பலாம். கீரிப்பூச்சிக்கு மலத்தில் தேடுவது வீண். காலையில் எழுந்ததும், வெளிக்குப் போவதற்கும் கழுவுவதற்கும் முன்னால், ஆசனவாயில் செல்லோடேப் ஒட்டி எடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும். தனியார் லேப் சிலவற்றில் "மோஷன் டெஸ்டா?" என்று மூக்கைச் சுளிக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் அந்தச் சுளிப்பு இல்லை, காசும் இல்லை.

அப்புறம் செருப்பு. மாத்திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெறுங்காலோடு அதே மண்ணுக்குத் திரும்பினால் புழுவும் திரும்பும். எங்கள் பக்கம் கழனியிலும் தோப்பிலும் செருப்போடு இறங்க மாட்டார்கள். வரப்பு ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டு, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். சோறு போடுகிற மண் என்கிற மரியாதை அது. அந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன், என் மாமியாரும் அப்படித்தான் இருந்தார். ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஈர மண்ணில் வார் பிய்ந்துகொண்டது, சகதி விரல் இடுக்கில் ஏறியது. இரண்டு பட்டைச் செருப்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் எங்கள் வெயிலுக்கு ஆகாது, உள்ளே வெந்துவிடும். கடைசியில் கணுக்கால் வரை மூடுகிற கறுப்பு பிளாஸ்டிக் ஷூதான் நின்றது. கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும், மலிவு.

போட வைத்தது எது தெரியுமா? புழு என்று சொன்னபோது யாரும் அசையவில்லை. "இந்தச் சருகுக்குள்ள கண்ணாடி விரியன் சுருண்டு கெடந்தா என்னக்கா பண்ணுவ?" என்று கேட்ட பிறகுதான் போட்டார்கள். போன மழைக்காலத்தில் ஒரு குட்டி விரியனைச் சருகோடு வாரியிருந்தோம், அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. காரணம் எதுவானால் என்ன, கால் மூடியிருக்கிறது.

எந்த மாதத்தில் கட்டாயம் போட வேண்டும் என்பதும் முக்கியம். கொட்டை பொறுக்கும் மாசி, பங்குனி, சித்திரையில் மண் சுட்டுக் கிடக்கும். அந்த வெயிலில் புழுக்குஞ்சு காய்ந்து செத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதற்குத் தோதான காலம். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் பலா, முந்திரியை எல்லாம் சாய்த்த பிறகு வைத்த கன்றுகள் இப்போது கிளை கோத்து அடர்ந்துவிட்டன. அடியில் வெயில் விழுவதில்லை, சருகு மக்கி ஈரம் காய்வதில்லை. அந்த ஈரத்தில்தான் களை எடுக்கிறார்கள், சுள்ளி பொறுக்குகிறார்கள், விடியற்காலையில் வெளிக்கும் போகிறார்கள்.

கழிப்பறை இல்லையா என்றால், இருக்கிறது. தூய்மை பாரதத் திட்டத்தில் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டியவை ஊரில் நிறைய. தண்ணீர் வசதி இருக்கிற வீட்டில் பயன்படுத்துகிறார்கள். குழாய் இல்லாத வீட்டில் அதில் விறகு அடுக்கியிருக்கிறது. குடத்தில் தண்ணீர் சுமந்து வருகிற பெண் அதைக் கக்கூஸில் ஊற்ற யோசிக்கத்தான் செய்வாள், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொரு கொடுமை, செப்டிக் டேங்க் கழிவு எடுக்கும் லாரிகள். ராத்திரியில் வந்து தோப்போரம் திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊர் மொத்தத்தின் புழு முட்டையும் ஒரே இடத்தில். காலையில் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் போகிறார்கள்.

அங்கன்வாடியில் நடப்பதற்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். மொத்தத் திட்டத்துக்கு மூன்றுதான். ஆகஸ்ட் 10 மாத்திரை நாள் முடிந்த ஐந்தாம் நாள் கிராமசபை. அதில் மகளிர் குழுப் பெண்கள் கையெழுத்தோடு ஒரு மனு வைக்கப் போகிறேன். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே நர்சம்மா வந்து, டாக்டர் சொன்னபடி விசாரித்து, பெரியவர்களுக்கும் மாத்திரை கொடுத்து ரத்தமும் பார்க்க வேண்டும். விறகு அடுக்கியிருக்கிற கழிப்பறைகளுக்குக் குழாய் வர வேண்டும். கழிவு லாரியைத் தோப்பில் திறந்துவிடுபவர்கள் மேல் பஞ்சாயத்து நடவடிக்கை எடுக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் உங்கள் கிராமசபையிலும் இதே மனுவைக் கொடுங்கள். எழுதிய தாளின் நகலை நான் தருகிறேன்.